பதினேழு படிக்கு ஒரு கைப்பிடி

வெல்டிங்காரர் ஏழாவது தடவையாக "நாளைக்குக் கண்டிப்பா வர்றேன்" என்று சொல்லி ஃபோனை வைத்த அன்றுதான் எனக்குக் கோபம் மண்டைக்கு ஏறியது. அதுவரை பொறுமையாக இருந்தேன் என்று நான் சொன்னால் என் வீட்டுக்காரர் வாய்விட்டுச் சிரிப்பார். சிரிக்கட்டும். ஏழு நாளும் தைக்கிற வேலையைப் போட்டுவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தவள் நான்தான். அந்த மனிதருக்கு நாங்கள் வைத்த பெயரே 'நாளைக்கு' என்று ஆகிவிட்டது.

எங்கள் வீடு மாடியில். கீழே என் தையல் கடை. இரண்டுக்கும் நடுவே, வெளிப்புறமாகச் சுவரை ஒட்டிப் பதினேழு சிமெண்ட் படிகள். நாலு மாதத்துக்கு முன்பு ஒரு காலையில் வீட்டுக்காரர் வண்டிச் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு இறங்கினார். பதினோராவது படியில், அடியில் துருப்பிடித்துக் கிடந்த பழைய கைப்பிடி அவர் கையோடு கழன்று வந்துவிட்டது. மிச்சமிருந்த ஆறு படிகளையும் கைப்பிடியும் அவருமாகச் சேர்ந்தே இறங்கினார்கள். காலில் இரண்டு இடத்தில் எலும்பு முறிந்தது.

மூன்றாம் மாதம் எக்ஸ்ரே எடுக்க நாலு பேர் அவரை நாற்காலியோடு தூக்கி இறக்கி, மறுபடி தூக்கி ஏற்றினார்கள். "சாய்ச்சுப் பிடிங்கப்பா, பீரோ ஏத்துற மாதிரி" என்று அதில் ஒருவர் தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். மேலே வந்து சேர்ந்ததும் என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துச் சபதம் போட்டார். "இனிமே என்னை எவனும் தூக்கக் கூடாது. இறங்கினா என் சொந்தக் கால்லதான் இறங்குவேன்."

கால் என்னவோ தயார்தான். டாக்டரே சொல்லிவிட்டார், எலும்பு நன்றாகக் கூடிவிட்டது, உறுதியான பிடி இருந்தால் தாராளமாகப் படி இறங்கலாம் என்று. அந்த உறுதியான பிடிதான் இல்லை. இவர் ஓட்டுவது பள்ளிக்கூட வண்டி. வண்டியின் சொந்தக்காரர் நல்ல மனிதர், ஆனாலும் அவரும் எத்தனை நாள்தான் பார்ப்பார். "இந்த மாசக் கடைசி வரைக்கும் வண்டியை உங்களுக்குன்னு வெச்சிருக்கேன். நீங்களே இறங்கி வந்து சாவியை வாங்கிக்கணும். படி இறங்க முடியாதவர்கிட்ட நான் எப்படிப் பிள்ளைங்களை ஒப்படைக்கிறது?" என்று கேட்டார். அதில் தப்புச் சொல்ல ஒன்றுமில்லை. தினமும் காலையில் மாற்று டிரைவர் தெருமுனையில் கியரைக் கடித்துக் கடித்து மாற்றும் சத்தம் கேட்கும். ஜன்னலில் உட்கார்ந்திருக்கும் இவர், தன் பல்லையே யாரோ பிடுங்குவதுபோல முகத்தைச் சுளிப்பார். மாதம் முடியப் பதினெட்டு நாள் இருந்தது.

'நாளைக்கு' ஃபோனை வைத்ததும் கடையைப் பூட்டினேன். நேரே வெல்டிங் சாமான் விற்கும் கடைக்குப் போனேன்.

அங்கே இருந்தது முப்பது வயதுகூட ஆகாத ஒரு பெண். முன்கையில் சின்னச் சின்னத் தீத்தழும்புகள். சிரிப்பு என்பதைச் சிக்கனமாகச் செலவழிக்கிறவள் என்று பார்த்ததுமே தெரிந்தது.

"வெல்டிங் மெஷின் ஒண்ணு வேணும்மா. மாடிப்படிக்குக் கைப்பிடி போடணும்."

"யார் போடப் போறாங்க?"

"நான்தான்."

"இதுக்கு முன்னாடி பண்ணியிருக்கீங்களா அக்கா?"

"இருபத்திரண்டு வருஷமா தைக்கிறேன்."

அவள் சிரிக்கவில்லை. அதனாலேயே அவளை எனக்குப் பிடித்துப்போனது. "அப்போ உங்களுக்குச் சின்ன மிக் மெஷின் போதும். குச்சி குச்சியா மாத்த வேண்டாம். சுருள்ல இருந்து கம்பி தானா வரும், கூடவே கேஸ் வரும்" என்று சொல்லி, ஒரு சிவப்புப் பெட்டியின் பக்கவாட்டுக் கதவைத் திறந்து காட்டினாள். உள்ளே ஒரு கம்பிச் சுருள், அதை இழுக்க ஒரு ரோலர், ரோலரை அழுத்த ஒரு திருகு. தையல் மெஷினில் இருக்கும் அதே நூற்கண்டு, துணியை இழுக்கும் பல், டென்ஷன் திருகு. எனக்குச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனதுபோல இருந்தது.

அவள் அடுக்கிக்கொண்டே போனாள். "கம்பி புள்ளி எட்டு மில்லி. ரோலர்ல இருக்கிற பள்ளமும் அதே அளவா இருக்கணும். திருகை ரொம்ப இறுக்கினா கம்பி நசுங்கும், லூசா விட்டா வழுக்கும். கேஸோட அடிக்கிறதால, கையில பிடிச்சு அடிக்கிற டார்ச் ப்ளஸ்ல, எர்த் மைனஸ்ல. எர்த் கிளாம்ப்பைப் பெயிண்ட் மேலயோ துரு மேலயோ மாட்டாதீங்க, பளபளன்னு தேய்ச்ச இரும்புல மாட்டுங்க. சிலிண்டரைச் சங்கிலி போட்டுச் சுவரோட கட்டிடுங்க. திறக்கும்போது நேரா முன்னாடி நிக்காம ஓரமா நின்னு மெதுவாத் திறங்க. பைப் வாங்கும்போது துத்தநாகம் பூசினது வாங்காதீங்க, அந்தப் புகை காய்ச்சலைக் கொண்டுவந்துடும். எங்க வெச்சு அடிக்கப் போறீங்க?"

"என் கடையிலதான்."

அவள் முதல்முறையாக அதிர்ந்தாள். "தையல் கடையிலயா? துணிக்கு நடுவிலயா? பொறி பத்து மீட்டர் ஓடும் அக்கா!"

பிறகு என் சட்டையை மேலும் கீழும் பார்த்தாள். "இது பாலியஸ்டர்தானே? பொறி பட்டா உருகித் தோல்ல ஒட்டிக்கும். பருத்தி, ஜீன்ஸ், தோல், இதுல ஏதாவது போடுங்க. மடிச்சு விட்ட கை, திறந்த பாக்கெட் கூடாது. பொறி போய் உள்ள உக்காந்துக்கும்."

துணிக்காரிக்கே துணியைப் பற்றிப் பாடம். கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் அவள் சொன்னது அத்தனையும் சரி, என்ன செய்ய.

கிளம்பும்போது கையில் கறுப்பு ஹெல்மெட்டையும் தோல் கையுறையையும் திணித்துவிட்டுக் கடைசியாக ஒன்று சொன்னாள். "நிஜ வேலையில கை வைக்கிறதுக்கு முன்னாடி, அதே பைப், அதே தகடுல ஒரு துண்டு வெல்ட் பண்ணுங்க. வைஸ்ல, அதான் இரும்பைக் கவ்விப் பிடிக்கிற இடுக்கியில மாட்டி, சுத்தியலால அடிச்சு உடைச்சுப் பாருங்க."

"உடைக்கவா?"

"உடைக்கத்தான்."

தலையை நன்றாக ஆட்டினேன். சர்க்கரையைக் குறையுங்கள் என்று டாக்டர் சொல்லும்போது ஆட்டுவோமே, அந்த ஆட்டு.

வண்டி நிற்கும் கொட்டகை நாலு மாதமாகக் காலியாகத்தான் கிடந்தது. சிமெண்ட் தரை, இரண்டு பக்கம் திறப்பு, தலைக்கு மேல் தகரம். அங்கே இருந்த அட்டைப்பெட்டி, பழைய டயர், எண்ணெய்த் துணி எல்லாவற்றையும் வெளியே தள்ளினேன். சிலிண்டரைத் தூணோடு சங்கிலியால் கட்டினேன். தீயணைக்கும் சிவப்பு உருளையைக் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தேன். இரண்டு பழைய ஜீன்ஸைப் பிரித்து, பாக்கெட்டே இல்லாத, கழுத்து வரை மூடிய ஒரு சட்டை தைத்துக்கொண்டேன். அதைப் போட்டுக்கொண்டு ஹெல்மெட்டோடு வெளியே வந்ததும் ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

"என்னம்மா, நிலாவுக்கா? திரும்பி வர எத்தனை நாளாகும்?"

"நீங்க ஜன்னலைச் சாத்துங்க. வெளிச்சத்தைப் பாத்தீங்கன்னா கண்ணுல மண்ணை அள்ளிப் போட்ட மாதிரி எரியும். காலோட சேர்த்துக் கண்ணையும் நான் பாக்க முடியாது."

படாரென்று ஜன்னல் சாத்தப்பட்டது.

இந்த நேரம் பார்த்து என் நாத்தனார் வந்து இறங்கினார். என் வீட்டுக்காரருக்கு அக்கா. தம்பியைப் பார்த்துக்கொள்ள வந்தவர், வந்த அரைமணி நேரத்தில் என்னையும் பார்த்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டார். வேலை செய்வதைவிட வேலை வாங்குவதில் கைதேர்ந்தவர் என்பதால் அவருக்கு முதுகுக்குப் பின்னால் நான் வைத்திருக்கும் பெயர் சூப்பர்வைசர். வெளிச்சம் தெரியாமல் நான் நிறுத்தியிருந்த மறைப்புக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டே மேற்பார்வை பார்த்த ஒரே ஆள் உலகத்தில் அவராகத்தான் இருப்பார்.

முதல் நாள் பழகியது துண்டு பைப்புகளில். விசையை அழுத்தினால் கம்பி வருகிறது, பொறி பறக்கிறது, எல்லாம் சரி. ஆனால் ஹெல்மெட்டைத் தூக்கிப் பார்த்தால் பற்றவைத்த இடம் முழுக்கப் பொத்தல். பூச்சி அரித்த கம்பளி மாதிரி. கம்பியின் வேகத்தை மாற்றினேன், பொத்தல். டார்ச் முனையில் கம்பி வெளியே வரும் டிப்பை மாற்றினேன், பொத்தல். மெஷினை இரண்டு வார்த்தை திட்டினேன், அப்போதும் பொத்தல். கடைப் பெண்ணுக்கு ஃபோன் போட்டேன்.

"கேஸ் திறந்திருக்கா?"

"திறந்திருக்கு."

"அளவு?"

"நீ சொன்ன மாதிரி நிமிஷத்துக்குப் பன்னிரண்டு லிட்டர்."

"பக்கத்துல ஃபேன் ஏதாவது ஓடுதா?"

திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால், நிலை ஃபேனை முழு வேகத்தில் ஓடவிட்டு, அது சாயாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு சூப்பர்வைசர் நின்றிருந்தார். வெல்டிங்கை மூடிக் காப்பாற்ற வேண்டிய கேஸை எல்லாம் அந்த ஃபேன் பக்கத்துத் தெருவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது.

"அண்ணி, இது எப்போ வந்துச்சு?"

"நீ ஆரம்பிச்சதுல இருந்தே. பாவம், வேர்த்துக் கொட்டுதேன்னு பாத்தேன்."

பாசத்தை எப்படித் திட்டுவது? ஃபேனைக் கொட்டகையின் அந்தக் கோடியில் வெளிப்பக்கம் பார்த்துத் திருப்பி வைத்தோம். புகை அந்தப் பக்கமாகப் போனது, வேலை மேல் காற்று படவில்லை. அடுத்துப் போட்ட வெல்டிங் வரியில் ஒரு பொத்தல் இல்லை.

அதன்பிறகு ஒவ்வொரு நாளும் கை படிந்துகொண்டே வந்தது. சரியாகப் போனால் சூடான எண்ணெயில் எதையோ பொரிக்கிற மாதிரி ஒரே சீரான சத்தம் வரும் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள். ஐந்தாம் நாள் அது வந்துவிட்டது. டார்ச் வாயில் கேஸ் வரும் நாசிலுக்குள் ஒட்டிய பொறித் துணுக்குகளை அவ்வப்போது சுரண்டி எடுத்தேன், கேபிள் மடங்காமல் நேராகப் போட்டேன். வேலை முடிந்ததும் சிலிண்டரை மூடிவிட்டு, எங்காவது பொறி உட்கார்ந்து புகைகிறதா என்று அரைமணி நேரம் அங்கேயே இருந்து பார்த்தேன். என் தையல் மெஷினுக்கு எண்ணெய் விட மறந்த நாள் உண்டு. இதற்கு ஒன்றையும் மறக்கவில்லை. பைப்போடு பைப் சேர்த்து நான் போட்ட வரிகளைப் பார்த்தால் நானே சொக்கிப்போவேன்.

அதே பெருமையில் நிஜ வேலையை ஆரம்பித்தேன். பைப்பில் ஆறு குத்துக்கம்பிகள். ஒவ்வொன்றுக்கும் அடியில் உள்ளங்கையை விரித்த அளவில் ஒரு கனத்த இரும்புத் தகடு. தகட்டைப் படியில் போல்ட் போட்டு இறுக்கி, கம்பிகளின் தலைமேல் நீளக் கைப்பிடியை வைத்துப் பற்றவைக்க வேண்டும். பைப்பின் கனம் இரண்டு மில்லி, தகடு எட்டு மில்லி. மெஷின் கதவின் உள்பக்கம் எந்தக் கனத்துக்கு என்ன அளவு என்று பட்டியல் ஒட்டியிருந்தது. இரண்டு கனத்தில் எதற்கு வைப்பது? எனக்கு அதில் சந்தேகமே வரவில்லை. கனத்த துணியையும் மெல்லிய துணியையும் சேர்த்துத் தைக்கும்போது, மெல்லியதை மனதில் வைத்துத்தான் ஊசியும் டென்ஷனும் வைப்போம். இல்லாவிட்டால் மெல்லியது சுருங்கிக் கிழிந்துவிடும். இருபத்திரண்டு வருஷப் பழக்கம். இரண்டு மில்லிக்கு வைத்தேன்.

தகட்டின் மேல் இருந்த கறுப்புத் தோலைத் துணியால் துடைத்ததோடு சரி. பார்க்கச் சுத்தமாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

வரிகள் எல்லாம் நகைக்கடையில் வைக்கலாம் போல வந்தன. கணக்குத் தப்பி ஏழாவதாக ஒரு குத்துக்கம்பியும் செய்துவிட்டேன். உடைத்துப் பார்ப்பதா? நான் தைத்த சட்டையை நானே கிழித்துப் பார்த்ததுண்டா என்ன? அந்தப் பேச்சையே நான் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. போல்ட் அடித்தோம், மேல் கைப்பிடியை ஏற்றினோம், பச்சைப் பெயிண்ட் பூசினோம். சூப்பர்வைசர் தடவிப் பார்த்துவிட்டு, "மெஷின்ல தைச்ச மாதிரியே இருக்குடி" என்றார். அவர் வாயிலிருந்து பாராட்டு வருவது எங்கள் தெருவில் தண்ணீர்க்குழாயில் வேகமாகத் தண்ணீர் வருவதைவிட அபூர்வம்.

மாதம் முடிய ஆறு நாள் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், என் வீட்டுக்காரர் முகச்சவரம் செய்து முடித்து மாடிவாசலில் வந்து நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை. காலில் வலியா என்று கேட்டேன், இல்லை என்றார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. மனிதருக்குப் பயம். கையில் பிடித்த கம்பியே கழன்று வந்தவருக்கு இன்னொரு கம்பியைப் பிடிக்கப் பயமாக இருக்காதா? நாலு மாதமாக அவரும் சொல்லவில்லை, வாய் ஓயாமல் பேசும் நானும் கேட்கவில்லை.

"நான் கீழ நிக்கிறேன். நீங்க என்னைப் பாத்துட்டே வாங்க" என்று சொல்லி இறங்கி வந்தேன். அண்ணி அவர் பக்கத்தில் நின்றார்.

கீழே கடைப் பெண் வந்திருந்தாள். நான் கேட்டிருந்த புது டிப்புகளைக் கொடுக்க வந்தவள், கொட்டகையில் கிடந்த ஏழாவது கம்பியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்படி?" என்றேன். பெருமை தாங்கவில்லை.

"உடைச்சுப் பாத்தீங்களா அக்கா?"

"இதை எதுக்கு உடைக்கணும்? எவ்வளவு அழகா வந்திருக்கு பாரு."

அவள் தகட்டை வைஸில் மாட்டினாள். சுத்தியலை எடுத்து பைப்பின் மேல்முனையில் ஒரே ஒரு அடி. டக் என்று பைப் தனியாகப் போய்த் தரையில் உருண்டது. நான் போட்ட அழகான வரி பைப்போடேயே போய்விட்டது. தகட்டில் ஒரு கீறல்கூட இல்லை.

"மேல உக்காந்திருக்கு அக்கா. உள்ள போகவே இல்லை" என்றாள்.

நான் ஓடினேன். அவர் மூன்றாவது படியில் இருந்தார். உடம்புப் பாரம் முழுவதையும் கைப்பிடி மேல் போட்டு, நாலாவது படிக்குக் காலை நீட்டிக்கொண்டிருந்தார்.

"நில்லுங்க! கம்பியை விடுங்க! சுவரைப் பிடிங்க, சுவரை!"

என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. அவர் கையை உதறிக்கொண்டு சுவரில் முதுகை ஒட்டினார். அண்ணி அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டார். அப்படியே மெல்ல உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாக, சின்னக் குழந்தை ஏறுவதுபோலப் பின்பக்கமாக ஏறி மேலே போனார்.

"நல்லாத்தானே இருக்கு? என்னத்துக்குக் கத்துறே?" என்று அங்கிருந்து கேட்டார்.

சுத்தியலை எடுத்து வந்து கீழ்க்கோடிக் கம்பியின் அடியில் அடித்தேன். இரண்டாவது அடியில் அது தகட்டைவிட்டுப் பிரிந்தது. பச்சைப் பெயிண்ட் மட்டும் கொஞ்சம் உதிர்ந்தது. அவர் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எழுந்து உள்ளே போனார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அவரை இரண்டாவது தடவை தள்ளிவிடப் பார்த்தது துரு இல்லை, என் தலைக்கனம்.

கடைப் பெண் என்னைத் தேற்றவில்லை. அதற்கும் நான் நன்றிதான் சொல்ல வேண்டும். "எந்த அளவுல வெச்சீங்க?" என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். துணிக் கணக்கையும் சொன்னேன்.

"இங்க தலைகீழ் அக்கா. தகடு சூட்டை எல்லாம் குடிச்சுடும். தகட்டை நினைச்சு வோல்ட்டை ஏத்துங்க, கம்பி வேகத்தையும் கூட்டுங்க. டார்ச்சைத் தகட்டுப் பக்கம் காட்டுங்க, பைப்பை ஓரமாத் தொட்டுட்டு வந்தாப் போதும். அந்தக் கறுப்புத் தோலைக் கிரைண்டர்ல தேய்ச்சு வெள்ளை இரும்பு தெரியணும். அப்புறம் உடைங்க. உடையாத வரைக்கும் உடைங்க."

மொத்தக் கைப்பிடியையும் கழற்றினேன். நாலு நாள் ராட்சசி மாதிரி வேலை பார்த்தேன். கண்ணாடி மாட்டிக்கொண்டு தகடுகளைத் தேய்த்தேன். இரும்புத்தூள் உள்ளே போகாமல் மெஷின் கதவைச் சாத்தி வைத்தேன், சாயங்காலமானால் மேல்தூசியைத் தட்டினேன், தேய்ந்த டிப்பைத் தூக்கிப் போட்டேன். பழகும் துண்டுகளை ஒவ்வொன்றாக வைஸில் மாட்டினேன். முதல் துண்டு மூன்று அடியில் போனது. நாலாவது துண்டில் பைப் ஓட்டையாகிவிட்டது. ஒன்பதாவதில் பாதி பிடித்தது, பாதி விட்டது. பதினோராவது துண்டை அடித்தேன், அடித்தேன், பைப் அப்படியே மடங்கிச் சுருண்டது. வெல்டிங் அசையவில்லை. பார்ப்பதற்கு வரி தடித்தடியாக, ஓரம் கறுத்து, அவசரத்தில் போட்ட ஒட்டு மாதிரி இருந்தது. ஒரு வாரத்துக்கு முன்பு என்றால் அதைத் துணி போட்டு மூடியிருப்பேன்.

அந்த நாலு நாளும் அவர் என்னோடு சாப்பாடு, தண்ணீர் தவிர வேறெதுவும் பேசவில்லை. ஜன்னலும் திறக்கவில்லை.

"கோபமா இருக்காரா அண்ணி?" என்று கேட்டேன்.

"கோபம்னா கத்துவான். பேசலைன்னா பயந்திருக்கான்" என்றார் சூப்பர்வைசர். "நீ வேலையைப் பாரு."

மாதக் கடைசிக்கு முதல் நாள் காலையில் ஆறு கம்பிகளும் திரும்பப் படியில் நின்றன. பெயிண்ட் அடிக்கவில்லை. எதையும் மூடி வைக்கிற எண்ணம் எனக்கு இல்லை. ஒவ்வொன்றையும் நானே அடித்துப் பார்த்துவிட்டு, கைப்பிடியில் தொங்கியும் பார்த்துவிட்டு, மேலே போனேன். அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சுத்தியலை அவர் மடியில் வைத்தேன்.

"என்ன இது?"

"வந்து அடிங்க. உடைஞ்சா இன்னொரு தடவை செய்றேன். வண்டி போனாப் போகட்டும்."

சுத்தியலைக் கையில் எடுத்து எடை பார்த்தார். பிறகு எழுந்து வந்தார். வாசலில் உட்கார்ந்தபடியே முதல் கம்பியின் அடியைத் தட்டிப் பார்த்தார். அடுத்த அடி கொஞ்சம் பலமாக. அதற்கடுத்தது நாலு மாத ஆத்திரத்தையும் சேர்த்து ஓர் அடி. தெருவில் நடந்துபோனவர்கள் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். கம்பி அசையவில்லை. அவர் எழுந்து நின்று இடது கையால் கைப்பிடியைப் பிடித்தார்.

நான் கீழே வந்து நின்றேன். அண்ணி இந்த முறை அவர் பக்கத்தில் போகவில்லை, மேலேயே நின்றுகொண்டார்.

அவர் இறங்கினார். வலது கையில் சுத்தியல். ஒவ்வொரு கம்பி வரும்போதும் நிற்பார், குனிவார், மூன்று அடி அடிப்பார், அப்புறம்தான் அடுத்த படியில் காலை வைப்பார். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. இந்த மனிதர் எப்போதும் இப்படித்தான். நான் பூட்டிய கதவை இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பார். நான் அணைத்த அடுப்பைத் திருகிப் பார்ப்பார். டயரில் காற்று இருக்கிறது என்று கடைக்காரர் சொன்னாலும் நாலு டயரையும் உதைத்துவிட்டுத்தான் வண்டி ஏறுவார். கல்யாணமான நாளிலிருந்து, 'நீ சொன்னாச் சரிதான்' என்று ஒரு வார்த்தை அவர் வாயில் வந்ததில்லை. அதற்காக நான் போட்ட சண்டைகளை எண்ணினால் பதினேழு படி போதாது.

இரண்டாவது கம்பி. மூன்றாவது. பதினோராவது படி வந்ததும் அப்படியே நின்றுவிட்டார். கைப்பிடியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப் போயிருந்தன. நான் வாயைத் திறக்கவில்லை. என்னைப் பொறுத்தவரை அதுதான் அன்றைக்குச் செய்த பெரிய வேலை. அவர் குனிந்து அங்கிருந்த கம்பியை அடித்தார். மூன்று அடி இல்லை, எட்டு அடி. எட்டையும் வாங்கிக்கொண்டு கம்பி நின்றது. அவர் பெருமூச்சு விட்டுக் காலை எடுத்துப் பன்னிரண்டாவது படியில் வைத்தார்.

ஐந்தாவது கம்பியை அடித்தார். இறங்கினார்.

கடைசிக் கம்பி. நான் அன்று எல்லோர் முன்னாலும் உடைத்துக் காட்டியதே, அந்த இடம். சுத்தியலை ஓங்குவார் என்று காத்திருந்தேன். அவர் ஓங்கவில்லை. குனிந்துகூடப் பார்க்கவில்லை. கைப்பிடியில் உடம்பை நன்றாகச் சாய்த்துக்கொண்டு பதினைந்து, பதினாறு, பதினேழு என்று இறங்கி, தரையில் இரண்டு காலையும் ஊன்றி என் எதிரே வந்து நின்றார். சுத்தியலை என்னிடம் நீட்டினார்.

"இது ஒண்ணை அடிக்கவே இல்லையே?" என்றேன்.

"நீதான் அடிச்சுப் பாத்திருப்பியே" என்றார்.